வலி முழங்காலில், மருந்து எங்கே போகிறது?

முட்டி ஆபரேஷன் முடிந்து வார்டுக்கு வரும் நோயாளி முதல் சில மணி நேரம் நன்றாகச் சிரித்துப் பேசுவார். முதுகில் போட்ட ஸ்பைனல் ஊசியின் தயவு அது. இடுப்புக்குக் கீழே கால் இருப்பதே தெரியாது. பார்க்க வந்த சொந்தக்காரர்கள், "பரவாயில்லையே, நல்லாத்தானே இருக்காங்க" என்று ஹார்லிக்ஸ் பாட்டிலை மேசையில் வைத்துவிட்டுக் கிளம்புவார்கள். ராத்திரிதான் கதை மாறும். முதலில் கால் கட்டைவிரல் அசையும். அப்புறம் தொடையில் சுரணை வரும். அதன் பின்னாலேயே வலியும் வரும். கூட இருக்கும் மகள் நர்ஸிடம் ஓடினால், "எழுதியிருக்கிற ஊசி போட்டாச்சும்மா, அடுத்தது காலைல ஆறு மணிக்குத்தான்" என்று பதில் வரும்.

ஸ்பைனல் எத்தனை மணிக்கு விடும் என்பது அதைப் போட்ட மயக்க மருத்துவருக்கு ஏறக்குறையத் தெரியும். எலும்பை அறுத்துச் செயற்கை மூட்டு பொருத்திய இடம் எப்படி வலிக்கும் என்பதும் தெரியும். நேரம் சொல்லிவிட்டு வரும் வலிக்கு முன்னேற்பாடு செய்யாமல், வந்த பிறகு ஊசியைத் தேடுவது எந்த வைத்தியத்திலும் சேர்த்தி இல்லை.

இதற்குள் இன்னொரு கேள்வியும் இருக்கிறது. வலிப்பது ஒரே ஒரு முழங்கால். அதற்காகப் போடும் டைக்ளோஃபெனாக்கோ டிரமடாலோ ரத்தத்தில் கலந்து உச்சந்தலை வரை சுற்றி வருகிறது. ஒரு வயலுக்குத் தண்ணீர் பாய்ச்ச ஏரிக்கரையை உடைப்பது போன்ற வேலை இது. சர்க்கரையும் ரத்தக்கொதிப்பும் உள்ள அறுபத்தைந்து வயதுக்காரரின் சிறுநீரகத்தை டைக்ளோஃபெனாக் பதம் பார்க்கலாம். டிரமடால் பலருக்குக் குமட்டலையும் தலைசுற்றலையும் கொண்டுவரும். வாந்தியும் கிறுகிறுப்புமாகக் கிடப்பவரை மறுநாள் காலையில் எழுப்பி, வாக்கரைப் பிடித்து நடக்கச் சொன்னால் எப்படி நடப்பார்? நடக்காத, மடக்காத முட்டி இறுகிப்போகும். பிறகு பிசியோதெரபிஸ்ட்டின் பாடும் திண்டாட்டம்தான்.

மருந்தை முட்டிக்குள்ளேயே கொடுத்தால் என்ன என்று கேட்பவர்களுக்கு, மரத்துப்போகும் ஊசி என்ற விடை பழசு. மார்ஃபினைக்கூட அப்படிக் கொடுக்க முடியும் என்பதுதான் மருத்துவ உலகமே எதிர்பாராதது. அந்தக் கண்டுபிடிப்பு எழுந்த விதமும், ஆஸ்பத்திரிக்குள் வந்ததும் தடுமாறிய விதமும் நம் ஊர் வார்டுகளுக்கும் பாடம் வைத்திருக்கின்றன.

மார்ஃபின் வேலை செய்யும் இடம் மூளையும் தண்டுவடமும்தான் என்று நெடுங்காலம் நம்பினார்கள். அபினி வகை மருந்துகள் வந்து ஒட்டிக்கொள்ளும் ஏற்பிகளை 1973-ல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் கேண்டஸ் பெர்ட்டும் சாலமன் ஸ்னைடரும் கண்டுகாட்டியபோது, அந்த நம்பிக்கை இன்னும் உறுதிப்பட்டது. 1980-களின் பிற்பகுதியில் ஜெர்மனியின் மூனிக் நகரில் கிறிஸ்டோஃப் ஸ்டைன் என்ற மயக்க மருத்துவர், ஆல்பர்ட் ஹெர்ஸின் மாக்ஸ் பிளாங்க் ஆய்வுக்கூடத்தில் எலிகளை வைத்து வேறு மாதிரி சோதித்துப் பார்த்தார். எலியின் ஒரு பின்னங்காலில் மட்டும் அழற்சி உண்டாக்கி வீங்க வைத்தார்கள். மற்றக் கால் நல்ல கால். வீங்கிய பாதத்தில் மிகச் சிறிய அளவு அபினி வகை மருந்தைச் செலுத்தினால், அந்தக் கால் முன்னைவிட அதிக அழுத்தத்தைத் தாங்கியது. அதே அளவு நல்ல காலில் ஒன்றும் செய்யவில்லை. வலி நிவாரணம் நடந்தது பாதத்திலேயே. மூளைக்கு அதில் பங்கில்லை.

எலிக்கு நடந்தது மனிதனுக்கும் நடக்குமா? அதைச் சோதிக்க வாகான இடம் முழங்கால். சின்னத் துளை வழியாகக் கேமராவை விட்டுச் செய்யும் ஆர்த்ராஸ்கோபியில், வேலை முடிந்ததும் அதே துளை வழியாக மருந்தை மூட்டுக்குள் விட்டுவிட்டு வெளியே வரலாம். 1991-ல் 'நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்' இதழில் ஸ்டைன் குழுவினர் வெளியிட்ட ஆய்வில் 52 பேர் இருந்தார்கள். ஒரு பிரிவினருக்கு 1 மில்லிகிராம் மார்ஃபின் முட்டிக்குள். இன்னொரு பிரிவினருக்கு அதே 1 மில்லிகிராம் ரத்தநாளத்தில். வழக்கமாக வலிக்குப் போடும் மார்ஃபின் ஊசி 10 மில்லிகிராம் என்பதை நினைத்துப் பார்த்தால், இது பத்தில் ஒரு பங்கு. முட்டிக்குள் வாங்கியவர்களுக்குச் சில மணி நேரம் கழித்து வலி தெளிவாகக் குறைந்தது, கூடுதல் மாத்திரையும் குறைவாகவே தேவைப்பட்டது. ரத்தநாளத்தில் வாங்கியவர்களுக்கு அந்தப் பலன் கிடைக்கவில்லை. மார்ஃபினோடு அதன் முறிமருந்தான நலாக்சோனையும் முட்டிக்குள் கலந்தபோது பலன் மறைந்தது.

இரண்டு ஆண்டு கழித்து 'லான்செட்' இதழில் வந்த அடுத்த ஆய்வு இன்னும் விசித்திரமானது. இந்த முறை ஆர்த்ராஸ்கோபி முடிந்த முட்டிகளுக்குள் மார்ஃபின் இல்லாமல் நலாக்சோனை மட்டும் விட்டார்கள். வலி கூடியது! வெளியிலிருந்து எந்த அபினி மருந்தும் போகாத இடத்தில் எதை நலாக்சோன் தடுத்தது? உடம்பு தானே சுரக்கும் எண்டார்ஃபின் வகைப் பொருள்களைத்தான். வீங்கிய மூட்டுச் சவ்வுக்குள் கூடும் எதிர்ப்பு அணுக்கள் அவற்றைச் சுமந்து வந்து அங்கேயே விடுகின்றன. நோயாளி வலியென்று முனகிய நேரத்திலும் அவருடைய ரத்த அணுக்கள் சத்தமில்லாமல் வலியைக் குறைத்துக்கொண்டிருந்தன.

இந்த ஏற்பிகள் முட்டிக்கு வந்து சேரும் வழியும் சுவையானது. முதுகெலும்பை ஒட்டி இருக்கும் நரம்பு முடிச்சுகளில் அவை உருவாகின்றன. அங்கிருந்து நரம்பு இழைக்குள்ளேயே பயணம் செய்து முழங்கால் முனைக்குப் போகின்றன. அழற்சி வந்தால் இந்தப் போக்குவரத்து கூடும். நரம்பைச் சுற்றியிருக்கும் உறையும் இளகி, மருந்து உள்ளே நுழைய வழி விடும். ஆகவே வீங்கிய மூட்டில் மார்ஃபினுக்கு வேலை உண்டு. வீங்காத மூட்டில் பெரிதாக இல்லை.

மூளையைத் தொடாத அபினி வகை மருந்து என்றால் நம்ப முடியாமல் பார்ப்பவர்கள், வீட்டு மருந்துப் பெட்டியைத் திறந்து பார்க்கலாம். வயிற்றுப்போக்குக்குப் போடும் லோப்பராமைடு அந்தக் குடும்பத்து மருந்துதான். சொன்ன அளவில் சாப்பிட்டால் அது குடலோடு நின்றுவிடும், மூளைக்குள் நுழைய முடியாது. அதனால்தான் வயிறு கட்டுகிறது, போதை ஏறுவதில்லை.

ஆக, அறிவியல் அளவில் மூனிக் ஆய்வு கெட்டியானது. ஆஸ்பத்திரியில் நடந்தது வேறு. 1991-க்குப் பிறகு உலகெங்கும் ஆர்த்ராஸ்கோபி முட்டிகளுக்குள் மார்ஃபினை விட்டுப் பார்த்த சிறு சிறு ஆய்வுகள் ஏராளமாக வந்தன. சிலவற்றில் பலன், சிலவற்றில் இல்லை. 2003-ல் நார்வேயின் லெய்வ் ஆர்னே ரோஸ்லாண்டும் சகாக்களும் ஒரு புத்திசாலித்தனமான காரியம் செய்தார்கள். அறுவை முடிந்தவுடன் எல்லோருக்கும் மருந்து விடாமல் காத்திருந்து, உண்மையிலேயே ஓரளவுக்கு மேல் வலி வந்தவர்களுக்கு மட்டும், மூட்டுக்குள் வைத்திருந்த மெல்லிய குழாய் வழியாக ஒரு பாதிப் பேருக்கு மார்ஃபினும் மறு பாதிக்கு வெறும் உப்புநீரும் விட்டார்கள். இரு பக்கமும் வலி குறைந்தது! உப்புநீர் வாங்கியவர்களும் நிம்மதியாகப் படுத்தார்கள். ஆர்த்ராஸ்கோபிக்குப் பிறகு நிறையப் பேருக்குப் பெரிய வலியே வருவதில்லை என்பதும், வந்த வலியும் தானாகத் தணியக்கூடியது என்பதும் இதில் அம்பலமாயின. வலியே இல்லாதவருக்கு மருந்து கொடுத்து, வலி குறைந்தது என்று எழுதிக்கொள்வதில் என்ன பெருமை?

2016-ல் காக்ரேன் அமைப்பின் தொகுப்பாய்வு இந்த ஆய்வுகளையெல்லாம் ஒன்றாக வைத்து எடை போட்டது. 1 மில்லிகிராம் மார்ஃபினை முட்டிக்குள் விடுவது வெற்று ஊசியைவிட மேலானது என்று சொல்லத் தரமான சான்று இல்லை என்பது அதன் தீர்ப்பு.

இந்தத் துறையில் ஏமாற்றுக்காரர்களும் இருந்தார்கள். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்து ஸ்பிரிங்ஃபீல்டைச் சேர்ந்த மயக்க மருத்துவர் ஸ்காட் ரூபன், முட்டி அறுவை உட்பட எலும்பு அறுவைகளுக்குப் பிந்தைய வலி நிவாரணத்தில் பெரிய புள்ளியாக இருந்தவர். 2009-ல் அவருடைய 21 கட்டுரைகளின் தரவுகள் இட்டுக்கட்டியவை என்று வெளிவந்தது. 2010-ல் ஆறு மாதச் சிறைத் தண்டனை கிடைத்தது. அவர் எழுதியதை நம்பி எத்தனை ஆஸ்பத்திரிகள் மருந்துச் சீட்டை மாற்றியிருக்கும் என்று யார் கணக்கெடுப்பது? முட்டி வலிக்கு "புது ஊசி வந்திருக்கிறது" என்ற விளம்பரத்தைக் கண்டதும் ஒரு தப்படி பின்வாங்குவது நல்லது.

மூனிக் கண்டுபிடிப்பு வீண் என்று இதற்கு அர்த்தமில்லை. நாள்பட்ட மூட்டுத் தேய்மானத்தில் வீங்கிய முட்டிகளில் மார்ஃபின் ஊசி நாள் கணக்கில் வலியைக் குறைத்த சிறு ஆய்வுகள் உண்டு. நேற்று வரை வீக்கமில்லாத விளையாட்டு வீரரின் முட்டிக்கும், பத்து வருஷமாக வீங்கி வற்றும் பாட்டியின் முட்டிக்கும் வித்தியாசம் இருக்கத்தானே வேண்டும். 2017-ல் ஸ்டைன் குழுவினர் பெர்லினிலிருந்து இன்னொரு படி முன்னே போனார்கள். அழற்சி உள்ள திசு அமிலத்தன்மை கொண்டது என்பதைப் பிடித்துக்கொண்டு, ஃபென்டானில் மருந்தின் மூலக்கூறைக் கணினியில் திருத்தி, அமிலம் உள்ள இடத்தில் மட்டும் ஏற்பியோடு ஒட்டும்படி ஒன்றை உருவாக்கி 'சயின்ஸ்' இதழில் வெளியிட்டார்கள். எலிகளுக்கு வலி குறைந்தது. மூச்சுத் தளர்ச்சியோ மலச்சிக்கலோ அடிமைப்படும் அறிகுறியோ தென்படவில்லை. எலியிடமிருந்து மனிதனுக்கு வரும் பாதையில் தடுக்கி விழுந்த மருந்துகள் எத்தனையோ. ஆனாலும் தேடும் திசை சரி.

அதுவரைக்கும் கையில் இருப்பதைப் பார்ப்போம். ஆஸ்திரேலியாவின் சிட்னியில் டென்னிஸ் கெர், லாரன்ஸ் கோஹன் என்ற இரு மருத்துவர்கள், இடுப்பு, முழங்கால் அறுவை செய்துகொண்ட 325 பேரின் அனுபவத்தை 2008-ல் வெளியிட்டார்கள். மரத்துப்போக வைக்கும் ரோபிவகெய்ன், வீக்கம் குறைக்கும் கீட்டோரோலாக், மருந்து அங்கேயே தங்க உதவும் அட்ரினலின் மூன்றையும் கலந்து, அறுவை நடக்கும்போதே மூட்டைச் சுற்றியுள்ள சதையிலும் சவ்விலும் ஊசியால் பாய்ச்சுவது அவர்கள் முறை. பெரும்பாலான நோயாளிகள் சில மணி நேரத்திலேயே எழுந்து நடந்தார்கள். ஒப்பிட இன்னொரு பிரிவு இல்லாத ஆய்வு என்பதால் அதை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்லக் கூடாதுதான். பிறகு வந்த ஒப்பீட்டு ஆய்வுகள் இந்த முறைக்கு வலுச் சேர்த்து, இன்று உலகின் பல மூட்டு மாற்று மையங்களில் அது அன்றாட வழக்கமாகிவிட்டது. அல்ட்ராசவுண்ட் கருவியில் பார்த்துக்கொண்டே தொடையின் நடுப்பகுதியில் நரம்பை மரக்க வைக்கப் போடும் அடக்டர் கெனால் பிளாக்கும் அப்படித்தான். முன்பு இடுப்பு மடிப்பில் தொடை நரம்பையே மரக்க வைத்தபோது வலி போனது, கூடவே தொடைத் தசையின் பலமும் போய், எழுந்தவர்கள் விழுந்தார்கள். கெனால் பிளாக்கில் பெரும்பாலும் அந்தச் சங்கடம் இல்லை.

மூட்டுக்குள் எதையும் விடலாம் என்றும் நினைத்துவிடக் கூடாது. மூட்டுக்குள் குழாயைப் பொருத்தி, பம்ப் மூலம் இரண்டு மூன்று நாள் தொடர்ந்து மரத்துப்போகும் மருந்தைச் செலுத்தும் பழக்கம் அமெரிக்காவில் ஒரு காலம் பரவியது. 35 பேருக்கு மூட்டுக் குருத்தெலும்பு கரைந்துபோனதாகப் புகார் வந்து, 2009 நவம்பரில் அந்நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு எச்சரிக்கை விடுத்தது. பெரும்பாலும் தோள்பட்டைகள். ஒரு முறை விடும் ஊசி வேறு, நாள் கணக்கில் ஊறவைப்பது வேறு.

கனடாவில் ஒன்டாரியோ மாகாணத்து ஆஸ்பத்திரிகளில் நடந்து 2022-ல் வெளியான ஆய்வையும் இங்கே சொல்ல வேண்டும். முட்டியிலோ தோளிலோ ஆர்த்ராஸ்கோபி செய்துகொண்ட 200 பேரில் ஒரு பாதிக்கு வழக்கமான அபினி வகை மாத்திரைகள். மறு பாதிக்கு நாப்ராக்ஸென், பாராசிட்டமால், வயிற்றுக்குப் பான்டோபிரசோல், அவசரத்துக்கு மட்டும் சில அபினி வகை மாத்திரைகள். ஆறு வாரக் கணக்கில் முதல் பிரிவினர் சராசரியாகச் சாப்பிட்டது 72.6 மில்லிகிராம் மார்ஃபினுக்குச் சமம், இரண்டாம் பிரிவினர் 8.4. வலியில் குறிப்பிடும்படியான வித்தியாசம் இல்லை. சிறிய அறுவைக்குக் கை நிறைய மாத்திரை கொடுத்தனுப்பும் வழக்கத்தால் அமெரிக்காவும் கனடாவும் பட்ட பாடு உலகம் அறிந்தது.

இந்தியாவின் நோய் இதற்கு நேர் எதிரானது. மத்தியப் பிரதேசத்தின் நீமச், மந்த்சோர் வட்டாரங்களில் அரசு உரிமத்தோடு அபினி விளைகிறது. அதன் பிசினைச் சட்டப்படி ஏற்றுமதியும் செய்கிறோம். ஆனால் 1985-ல் போதைப்பொருள் தடுப்புச் சட்டம் வந்த பிறகு, கடுந்தண்டனைக்கும் உரிம அலைச்சலுக்கும் பயந்து ஆஸ்பத்திரிகள் மார்ஃபினைக் கைகழுவின. பன்னிரண்டே ஆண்டுகளில் நாட்டின் மருத்துவ மார்ஃபின் பயன்பாடு 90 சதவீதத்துக்கும் மேல் சரிந்தது. கேரளத்தின் மருத்துவர் எம்.ஆர். ராஜகோபால் போன்றவர்கள் ஆண்டுக்கணக்கில் போராடிய பின், 2014-ல் சட்டம் திருத்தப்பட்டு நடைமுறை எளிதானது. பயம் மட்டும் போகவில்லை. 2017-ல் லான்செட் ஆணையம் போட்ட கணக்கில், கடும் வலியில் இருப்போருக்குத் தேவையான மார்ஃபினில் இந்தியாவில் கிடைப்பது 4 சதவீதம். இன்னொரு புறம், டிரமடால் மாத்திரை பல ஊர்களில் சீட்டில்லாமலே கைமாறியது. 2018-ல்தான் அது அந்தச் சட்டத்துக்குள் வந்தது. மருத்துவர் கண்காணிப்பில் கொடுக்க வேண்டிய மருந்து அலமாரியில் இல்லை, கண்காணிப்பே இல்லாத மருந்து தெருமுனையில் கிடைத்தது. இந்தக் கோணலை நிமிர்த்தாமல் அபினி மருந்து நல்லதா கெட்டதா என்று பட்டிமன்றம் நடத்திப் பயனில்லை.

ஸ்பைனல் ஊசியோடு 0.1 மில்லிகிராம் அளவு மார்ஃபினைச் சேர்த்தால், முதல் ராத்திரி முழுக்க வலி அடங்கியிருக்கும். மூக்கு அரிக்கும், சிறுநீர் கழிக்கக் கஷ்டப்படலாம், மூச்சை நர்ஸ் கவனித்துக்கொண்டே இருக்க வேண்டும். அவ்வளவு சிறிய அளவுக்குக்கூட, மார்ஃபின் வைத்திருக்கும் அங்கீகாரமும் ராத்திரி விழித்திருக்கும் நர்ஸும் ஆஸ்பத்திரிக்குத் தேவை. நம் ஆஸ்பத்திரிகளில் தட்டுப்பாடு பெரும்பாலும் இந்த இரண்டில்தான், அறிவில் இல்லை.

அரசுக்கும் இதில் வேலை இருக்கிறது. 2017 ஆகஸ்டில் மத்திய அரசின் மருந்து விலை ஆணையம் செயற்கை முழங்காலுக்கு உச்ச விலை வைத்தது. அதிகம் பயன்படும் கோபால்ட் குரோமியம் வகைக்கு, வரி நீங்கலாக, 54,720 ரூபாய். நல்ல காரியம். பொருளுக்கு விலை வைத்த அரசு, அந்தப் பொருள் உள்ளே போன ராத்திரியைப் பற்றிக் கேட்கவில்லை. காப்பீட்டுத் திட்டங்கள் அறுவைக்கு மொத்தமாக ஒரு தொகை கொடுக்கின்றன. நரம்பு பிளாக்குக்கான ஊசியும் மருந்தும் மயக்க மருத்துவரின் கூடுதல் நேரமும் அந்தத் தொகைக்குள்ளேயே அடங்க வேண்டும் என்றால், செலவைக் குறைக்க நினைக்கும் ஆஸ்பத்திரி முதலில் எதைக் கழிக்கும் என்பது சொல்லாமலே விளங்கும். மூட்டு அறுவைக்குக் காப்பீடு கொடுக்கும் எந்தத் திட்டமும், எழுதிவைத்த வலி நிவாரணத் திட்டத்தையும், முதல் 24 மணி நேரத்தில் நோயாளி சொன்ன வலி மதிப்பெண்ணின் பதிவையும் ஆஸ்பத்திரியிடம் கேட்க வேண்டும். நாடித் துடிப்பையும் ரத்த அழுத்தத்தையும் எழுதும் தாளில் இன்னொரு கட்டம் சேர்த்தால் போதும். தனி இலாகா ஒன்றும் வேண்டியதில்லை.

கபடியில் லிகமென்ட் கிழிந்த பையனோ, மூட்டு மாற்றப் போகும் அம்மாவோ, ஆபரேஷனுக்கு முன்பு மயக்க மருத்துவர் கட்டிலருகே வந்து பார்க்கும் அந்த ஐந்து நிமிடத்தை விட்டுவிடக் கூடாது. ஸ்பைனல் எத்தனை மணிக்கு விடும், அதற்கு முன் என்ன கொடுப்பீர்கள், முட்டியைச் சுற்றியோ தொடையிலோ ஊசி உண்டா, ராத்திரி இரண்டு மணிக்கு வலித்தால் யாரைக் கூப்பிடுவது என்று கேளுங்கள். சிறுநீரகக் கோளாறு, அல்சர், ஆஸ்துமா, குறட்டையோடு மூச்சு நிற்கும் தொந்தரவு இருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள். பதில்களை ஒரு தாளில் எழுதி, ராத்திரி கூட இருக்கப்போகிறவரிடம் கொடுத்துவிடுங்கள்.